கிளவுட்ல விஎம் போட்டு ஒழுங்கா பராமரிக்கிறது எப்படி: ஈசி2, உபுண்டு, மும்பை ரீஜியன் (முழுமையான வழிகாட்டி)

விஎம், அதாவது கிளவுட்ல வாடகைக்கு எடுக்கிற விர்ச்சுவல் மெஷின், போடுறது பெரிய வேலையே இல்ல, நாலு பட்டனை அமுக்கினா ரெண்டு நிமிஷத்துல மெஷின் ரெடி. அதுக்கப்புறம்தான் கேள்வி எல்லாம் வரும். ஸ்டாப் பண்ணித்தானே வெச்சிருந்தேன், அப்புறம் ஏன் பில் வந்துச்சுன்னு ஒருத்தர் கேப்பாரு. ரீபூட் பண்ணப்ப ஒண்ணும் ஆகல, ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணதும் சைட் ஓபன் ஆகலையேன்னு இன்னொருத்தர். கீ ஃபைல் தொலைஞ்சுடுச்சு, சர்வர்ல இருந்த டேட்டா எல்லாம் அவ்ளோதானான்னு வேற ஒருத்தர். இந்த எல்லா கேள்விக்கும் அடிப்படை ஒண்ணுதான். நாம ஒரு சர்வர்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறது கிளவுட்ல ஒரே பொருளா இல்ல. சிபியுவும் ரேமும் தனி, டிஸ்க் தனி, ஐபி அட்ரஸ் தனி. மூணும் நெட்வொர்க் வழியா சேர்த்துக் கட்டினதுதான் உங்க மெஷின், ஒவ்வொண்ணுக்கும் தனி ஆயுசு, தனி பில். இதை மனசுல வெச்சுக்கிட்டு கீழ உள்ளதைப் படிங்க, ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன்னு தானா புரியும்.

நான் இதை அமேசான் கிளவுடோட விஎம் சர்வீஸான ஈசி2 வெச்சே சொல்றேன். 2006 ஆகஸ்ட்ல பீட்டாவா வந்தது, தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன்ல இருந்த ஒரு சின்ன டீம் உருவாக்கினது. அப்ப ஒரே ஒரு சைஸ்தான், 1.7 ஜிபி ரேம், மணிக்கு 10 சென்ட். இப்ப நூத்துக்கணக்கான சைஸ் இருக்கு, ஆனா அடிப்படை அமைப்பு அதேதான். அஷூர்லயோ கூகுள் கிளவுட்லயோ போடுறவங்களுக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும், பேர்தான் மாறும்.

மெஷின் போடுறதுக்கு முன்னாடி அக்கவுண்டைப் பாதுகாக்கணும்

இதை யாரும் முதல்ல பண்றதில்ல, ஆனா இதுதான் முதல் வேலை. அக்கவுண்ட் ஓபன் பண்ண ஈமெயில்தான் ரூட் யூசர், அதுக்கு எல்லா அதிகாரமும் இருக்கு. உடனே ரூட்டுக்கு எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கிற முறை) போடுங்க, போன்ல இருக்கிற ஆத்தென்டிகேட்டர் ஆப் போதும். அப்புறம் தினசரி வேலைக்கு ஒரு தனி ஐஏஎம் யூசர் (நீங்க கொடுக்கிற அனுமதி மட்டும் உள்ள யூசர்) உருவாக்கி அதுக்கும் எம்எஃப்ஏ போட்டு அதுலயே லாகின் பண்ணுங்க, ரூட்டை மறந்துடுங்க. ரூட்டுக்கு ஆக்சஸ் கீ (புரோகிராம்கள் அக்கவுண்டுக்குள்ள போக யூஸ் பண்ற கீ) மட்டும் உருவாக்கவே உருவாக்காதீங்க. கிட்ஹப்ல தப்பித்தவறி ஆக்சஸ் கீயோட கோடு ஏத்திட்டா அதைத் தேடிக்கிட்டே இருக்கிற பாட்கள் சில நிமிஷத்துல எடுத்துடும், எடுத்ததும் பெரிய பெரிய மெஷினா போட்டு கிரிப்டோ மைனிங் ஓட்டும், பில் உங்க பேர்ல வரும்.

அடுத்து பட்ஜெட். பில்லிங் பக்கத்துல பட்ஜெட்ஸ்னு இருக்கு, மாசத்துக்கு இத்தனை டாலர்னு ஒரு தொகை போட்டு 50, 80, 100 சதவீதத்துல மெயில் வர்ற மாதிரி வைங்க. இங்க ஒரு விஷயத்தைத் தெளிவா புரிஞ்சுக்கணும்: இப்படிப் போட்ட பட்ஜெட் மெயில் மட்டும்தான் அனுப்பும், நீங்க தனியா பட்ஜெட் ஆக்ஷன் அமைக்காத வரைக்கும் எதையும் நிறுத்தாது. அதுவும் பில்லிங் டேட்டா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவைதான் அப்டேட் ஆகும், அதனால மெயில் சில மணி நேரம் தள்ளியே வரும். அதனால தொகையை உங்களால தாங்க முடியற அளவுக்குக் கீழயே வைங்க. கடைசி பில்லுல 18% ஜிஎஸ்டி சேரும், டாலர் விலையைப் பார்த்து கணக்கு போடும்போது அதையும் சேர்த்துக்கோங்க.

இலவசம் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா பழைய வீடியோ பார்த்துட்டு நிறைய பேர் குழம்புறாங்க. ஒரு வருஷம், மாசம் 750 மணி நேரம் ஃப்ரீன்னு சொன்னதெல்லாம் பழைய அக்கவுண்டுக்கு. 2025 ஜூலை 15-க்கு அப்புறம் ஓபன் பண்ற புது அக்கவுண்டுக்கு அந்த முறை இல்ல, முதல்ல 100 டாலர் கிரெடிட், சில வேலைகளைச் செஞ்சா இன்னும் 100 டாலர் வரைக்கும், ஃப்ரீ பிளான் ஆறு மாசம் அல்லது கிரெடிட் தீர்ற வரைக்கும், எது முதல்ல வருதோ அது.

ரீஜியன்

கன்சோல்ல (அமேசானோட வெப் கன்ட்ரோல் பக்கம்) வலது பக்கம் மேல ரீஜியன், அதாவது டேட்டாசென்டர் இருக்கிற இடத்தோட பேர் இருக்கும், முதல்ல அதைப் பாருங்க. இந்தியாவுல மும்பை 2016-ல வந்தது, ஹைதராபாத் 2022-ல. யூசர்ஸ் தமிழ்நாட்டுல இருந்தா ரெண்டுல எதுவும் ஓகேதான், நான் மும்பைதான் எடுப்பேன், ஏன்னா புது சர்வீஸ்களும் மெஷின் வகைகளும் அங்க முதல்ல வருது. (சென்னையிலயே வேணும்னா அஷூர்ல சவுத் இந்தியா ரீஜியன் இருக்கு, 2015-லேர்ந்து. ஆனா அதுல அவெய்லபிலிட்டி ஸோன், அதாவது ஒரே ரீஜியனுக்குள்ள தனித்தனி டேட்டாசென்டர் பிரிவு, கிடையாது.) ஒரு ரீஜியன்ல போட்ட மெஷின் இன்னொரு ரீஜியன் லிஸ்ட்ல தெரியவே தெரியாது, மெஷினைக் காணோமேன்னு பதறுறவங்க பாதி பேர் தப்பான ரீஜியன்லதான் நின்னுக்கிட்டு இருப்பாங்க.

லான்ச் பக்கம், மேல இருந்து கீழ

ஈசி2 போய் லான்ச் இன்ஸ்டன்ஸ் அமுக்கினா ஒரு நீளமான பக்கம் வரும். பேர் வைக்கும்போது டெஸ்ட், டெஸ்ட்2, நியூன்னு வைக்காதீங்க. என்ன வேலைக்கு, யாருது, எப்ப வரைக்கும் வேணும், இந்த மூணையும் டேக்ல போட்டுடுங்க. ஆறு மாசம் கழிச்சு இதை டெலீட் பண்ணலாமான்னு ஒரு கேள்வி வரும், அப்ப பதில் சொல்ல இந்த டேக் மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது ஏஎம்ஐ, அதாவது எந்த ஓஎஸ்னு தேர்ந்தெடுக்கிறது. உபுண்டு 24.04 எல்டிஎஸ் (லினக்ஸ் வகை ஓஎஸ்) எடுங்க, 2029 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். தேடும்போது மார்க்கெட்பிளேஸ்ல யார் யாரோ போட்ட இமேஜ் எல்லாம் வரும், சிலதுக்கு மணிக்கணக்குல தனி காசு வேற. குவிக் ஸ்டார்ட்ல இருக்கிறதையே எடுங்க.

இன்ஸ்டன்ஸ் டைப்ல கொஞ்சம் நின்னு பார்க்கணும். டி3 மைக்ரோன்னா 2 விசிபியு (விர்ச்சுவல் சிபியு), 1 ஜிபி ரேம். டி3 ஸ்மால் 2 ஜிபி, மீடியம் 4 ஜிபி, ஒவ்வொரு படிக்கும் விலையும் டபுள் ஆகும். ரெண்டு சிபியு இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, டி வரிசை மெஷின் எல்லாம் கிரெடிட் கணக்குல ஓடுறது. டி3 மைக்ரோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு 12 கிரெடிட் கிடைக்கும், ஒரு கிரெடிட்னா ஒரு விசிபியு ஒரு நிமிஷம் முழு வேகத்துல ஓடுறது. கணக்கு போட்டுப் பார்த்தா ஒவ்வொரு சிபியுவையும் சராசரியா 10% மட்டும்தான் நீங்க தொடர்ந்து யூஸ் பண்ணலாம். சும்மா இருக்கும்போது கிரெடிட் சேரும், அதிகபட்சம் 288 வரைக்கும், அதாவது 24 மணி நேரத்துது. பிளாக், சின்ன கடையோட வெப்சைட், டெலிகிராம் பாட் மாதிரி எப்பவாவது மட்டும் வேலை வர்றதுக்கு இது அருமையா பொருந்தும். நாள் முழுக்க வீடியோ கன்வெர்ட் பண்ற வேலைக்கு பொருந்தவே பொருந்தாது. கிரெடிட் தீர்ந்தா என்ன ஆகும்னா, பழைய டி2-ல மெஷின் ஸ்லோவாகும், டி3-ல டீஃபால்ட்டாவே அன்லிமிடெட் மோட் ஆன்ல இருக்கும், ஸ்லோவாகாது, ஆனா 24 மணி நேர சராசரி அந்த அளவைத் தாண்டினா ஒரு விசிபியுவுக்கு மணிக்கு 0.05 டாலர் தனியா ஏறும். பில் எகிறக்கூடாதுன்னு நினைக்கிறவங்க அட்வான்ஸ்டு டீட்டெயில்ஸ்ல போய் அதை ஸ்டாண்டர்டுன்னு மாத்திடுங்க.

டி4ஜி-ன்னு விலை குறைவா ஒண்ணு இருக்கும், அது அமேசானோட கிராவிட்டன் சிப், ஏஆர்எம் வகை. பைத்தான், நோட், பிஹெச்பி எல்லாம் அதுல நல்லாவே ஓடும். ஆனா ஏஆர்எம்ல ஆரம்பிச்சுட்டு அப்புறம் அதே டிஸ்க்கை டி3-க்கு மாத்த முடியாது, ஓஎஸ்ஸே வேற. உங்க சாஃப்ட்வேர்ல ஏதாவது இன்டெல் சிப்புக்கு மட்டும் வர்ற பேக்கேஜ் இருக்கான்னு முதல்லயே பார்த்துடுங்க.

அடுத்தது கீ ஜோடி (கீ பேர்): சர்வர்ல ஒரு பப்ளிக் கீ, உங்க கிட்ட அதோட பிரைவேட் கீ. ஈடி25519 வகை எடுங்க (விண்டோஸ் மெஷின்னா ஆர்எஸ்ஏ தான் வேலை செய்யும்). உருவாக்கினதும் ஒரு ஃபைல் டவுன்லோட் ஆகும், அந்த ஃபைல் அந்த ஒரு தடவைதான் கிடைக்கும், அமேசான் கிட்ட காப்பி கிடையாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே விட்டுடாதீங்க, வாட்ஸ்அப்ல யாருக்கும் அனுப்பாதீங்க, பாஸ்வேர்டு மேனேஜர்ல ஒரு காப்பி வெச்சுக்கோங்க. டீம்ல நாலு பேர் இருந்தா நாலு பேருக்கும் ஒரே கீ கொடுக்கிறதை விட, ஒவ்வொருத்தரும் தங்க லேப்டாப்லயே கீ உருவாக்கி பப்ளிக் பாதியை மட்டும் அனுப்பச் சொல்லி சர்வர்ல சேர்த்துடுங்க, ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அவரோட ஒரு வரியை மட்டும் அழிச்சா போதும்.

நெட்வொர்க்ல டீஃபால்ட் விபிசி (உங்க அக்கவுண்டுக்கான தனி நெட்வொர்க்) போதும் முதல் மெஷினுக்கு. செக்யூரிட்டி குரூப், அதாவது மெஷினுக்கு முன்னாடி நிக்கிற ஃபயர்வால், அதுதான் முக்கியம். உள்ள வர்றதுக்கு எதையும் டீஃபால்ட்டா விடாது, நீங்க திறந்தா மட்டும்தான். வெளிய போறது எல்லாமே திறந்திருக்கும். வெப்சைட்டுக்கான 80, 443 போர்ட் ரெண்டையும் எல்லாருக்கும் திறங்க, அதாவது 0.0.0.0/0. எஸ்எஸ்ஹெச்சுக்கான (டெர்மினல்ல இருந்து சர்வருக்குள்ள லாகின் பண்ற வழி) 22-ஐ மட்டும் மை ஐபின்னு வைங்க. 22-ஐ உலகத்துக்கே திறந்து வெச்சீங்கன்னா மெஷின் எழுந்த கொஞ்ச நேரத்துலயே ஆத் லாக்ல ரூட், அட்மின், ஆரக்கிள், டெஸ்ட்னு பேர் போட்டு யாராரோ உள்ள வரப் பார்க்கிறது வரிசையா ஓடும், நீங்களே ஒரு நாள் பாருங்க. கீ இருக்கிறதால உள்ள வர முடியாதுதான், ஆனா எதுக்குக் கதவைத் திறந்து வைக்கணும். மைஎஸ்க்யூஎல்லோட 3306, போஸ்ட்கிரஸ்ஸோட 5432, ரெடிஸ்ஸோட 6379, இதையெல்லாம் வெளிய திறக்கவே கூடாது, லேப்டாப்லேர்ந்து டேட்டாபேஸ் பார்க்கணும்னா எஸ்எஸ்ஹெச் டனல் வழியா போங்க.

ஸ்டோரேஜ்ல 8 ஜிபின்னு இருக்கும், அதை 20-ஆவது ஆக்குங்க, லாக் ஃபைலும் அப்டேட்டும் சேர்ந்தா 8 சீக்கிரமே ரொம்பிடும். ரொம்பப் பெருசாவும் வைக்காதீங்க, ஏன்னா ஈபிஎஸ்ங்கிற இந்த நெட்வொர்க் டிஸ்க்கை எப்ப வேணா பெருசாக்கலாம், சின்னதாக்க முடியாது. வகை ஜிபி3 எடுங்க. பழைய ஜிபி2-ல சின்ன டிஸ்க்குக்கு அடிப்படை வேகம் 100 ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை தடவை படிக்கவோ எழுதவோ முடியும்ங்கிற கணக்கு) தான், கூட வேணும்னா அதுக்கும் ஒரு கிரெடிட் கணக்கு. ஜிபி3-ல எவ்ளோ சின்ன டிஸ்க்கா இருந்தாலும் 3000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 125 எம்பி, விலையும் குறைவு. என்க்ரிப்ஷனையும் ஆன் பண்ணிடுங்க.

அட்வான்ஸ்டுல மூணு விஷயம். டெர்மினேஷன் புரொடக்ஷன் (தவறி மெஷினையே அழிச்சுடாம தடுக்கிறது) ஆன். மெட்டாடேட்டா வெர்ஷன் 2 மட்டும். ஐஏஎம் ரோல் (மெஷினுக்கே கொடுக்கிற அனுமதி) ஒண்ணு.

மெட்டாடேட்டா ஏன்னு சொல்லணும். மெஷினுக்குள்ள இருந்து 169.254.169.254 அட்ரஸைக் கேட்டா அந்த மெஷினைப் பத்தின தகவல் எல்லாம் வரும், அதோட ரோலுக்கான தற்காலிகக் கீயும் சேர்ந்து வரும். உங்க வெப் ஆப்ல, வெளியாள் கொடுக்கிற லிங்க்கை சர்வரே போய் எடுத்துட்டு வர்ற மாதிரி ஒரு ஓட்டை இருந்தா, அவன் இந்த அட்ரஸைக் கொடுத்து கீயை வாங்கிட்டுப் போயிடுவான். 2019-ல அமெரிக்காவுல கேபிடல் ஒன் பேங்க்ல சுமார் 10 கோடி பேரோட தகவல் போனது இப்படித்தான். அந்த வருஷம் நவம்பர்ல அமேசான் வெர்ஷன் 2 கொண்டு வந்தாங்க, அதுல முதல்ல டோக்கன் வாங்கினாத்தான் பதில் வரும். ஐஏஎம் ரோலும் அதே காரணத்துக்காகத்தான், மெஷின்ல இருந்து எஸ்3-க்கு (அமேசானோட ஃபைல் சேமிப்பு சர்வீஸ், அதுல ஃபைல் வைக்கிற இடம்தான் பக்கெட்) ஃபைல் ஏத்தணும்னா ஆக்சஸ் கீயை கான்ஃபிக் ஃபைல்ல எழுதி வைக்காதீங்க, எந்த பக்கெட்டோ அதுக்கு மட்டும் அனுமதி கொடுத்து ஒரு ரோல் மாட்டிடுங்க. அதே ரோல்ல அமேசான் எஸ்எஸ்எம் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் கோர்னு ஒரு பாலிசி இருக்கு, அதையும் சேருங்க, பின்னாடி உயிரைக் காப்பாத்தும், எப்படின்னு சொல்றேன்.

உள்ள போறது, அல்லது போக முடியாம நிக்கிறது

மெஷின் ரன்னிங்னு வந்து ஸ்டேட்டஸ் செக் எல்லாம் பச்சையான அப்புறம் டெர்மினலைத் திறந்து, கீ ஃபைலுக்கு சிஹெச்மோட் 400 கொடுத்துட்டு, உபுண்டுங்கிற யூசர் பேரோட அந்த ஐபிக்கு எஸ்எஸ்ஹெச் பண்ணுங்க. 400 கொடுக்கலைன்னா அன்புரொடெக்டட் பிரைவேட் கீ ஃபைல்னு பெரிய எழுத்துல திட்டிட்டு நின்னுடும், கீ ஃபைலை நீங்க மட்டும் படிக்கிற மாதிரி வைக்கணும்னு அது கேக்குது.

இங்க மாட்டிக்கிறவங்கதான் அதிகம், அதனால எரர் மெசேஜை எப்படிப் படிக்கிறதுன்னு விரிவா சொல்றேன், ஏன்னா அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கு. கனெக்ஷன் டைம்டு அவுட்னு வந்தா, நீங்க அனுப்பினது மெஷின் வரைக்கும் போகவே இல்ல. கீயையோ யூசர் பேரையோ நோண்டி பிரயோஜனமில்ல. செக்யூரிட்டி குரூப்ல 22-க்கு இப்ப உங்க ஐபி இருக்கா, மெஷினுக்கு பப்ளிக் ஐபி இருக்கா, நீங்க அடிச்ச ஐபி பழசா, இதை மட்டும் பாருங்க. வீட்டு வைஃபை ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலே நம்ம ஐபி மாறலாம், மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினா நிச்சயம் மாறும், நேத்து வேலை செஞ்சது இன்னைக்கு செய்யலைங்கிறதுக்கு முக்காவாசி காரணம் இதுதான். கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வந்தா நிலைமை வேற: மெஷின் வரைக்கும் போயாச்சு, அங்க 22-ல கேக்க ஆள் இல்ல. இப்பதான் எழுந்துக்கிட்டு இருக்கா, ஒரு நிமிஷம் பொறுங்க, இல்லைன்னா எஸ்எஸ்ஹெச் சர்வீஸே விழுந்திருக்கு. பெர்மிஷன் டினைடு, பிராக்கெட்ல பப்ளிக் கீன்னு வந்தா நெட்வொர்க் எல்லாம் சரி, யூசர் பேரோ கீயோதான் தப்பு. உபுண்டு இமேஜுக்கு உபுண்டு, அமேசான் லினக்ஸுக்கு ஈசி2 ஹைஃபன் யூசர், ரூட்னு போட்டா உள்ள விடாது. இன்னொண்ணு, ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் மாறிடுச்சுன்னு ஒரு பெரிய எச்சரிக்கை வரும். அதே ஐபியை நீங்களே புது மெஷினுக்கு மாத்தியிருந்தா அது இயல்புதான், நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல இருந்து அந்தப் பழைய வரியை எடுத்துடுங்க. நீங்க எதையும் மாத்தலைன்னா மட்டும் நின்னு யோசிங்க, கண்ணை மூடிக்கிட்டு அழிச்சுடாதீங்க.

எதுவுமே வேலை செய்யலைன்னா கன்சோல்லயே கனெக்ட் பட்டன்ல செஷன் மேனேஜர் இருக்கும். நான் மேல சொன்ன பாலிசி இதுக்குத்தான். மெஷின் உள்ள இருக்கிற ஏஜென்ட் வெளியப் பார்த்து கனெக்ட் பண்றதால 22 மூடியிருந்தாலும் உள்ள போகலாம். உபுண்டு இமேஜ்ல அந்த ஏஜென்ட் ஏற்கனவே இருக்கு. பழகிட்டீங்கன்னா 22-ஐயே முழுசா மூடிடலாம், நான் அதைத்தான் சிபாரிசு பண்ணுவேன்.

உள்ள போனதும்

முதல்ல ஏபிடி அப்டேட், அப்கிரேட், ஒரு ரீபூட். செக்யூரிட்டி அப்டேட் தானா ஏறுற அமைப்பு உபுண்டுல ஏற்கனவே ஆன்ல இருக்கும், ஆனா கெர்னல் அப்டேட்டுக்கு ரீபூட் வேணும், அதை நீங்கதான் மாசம் ஒரு தடவையாவது பண்ணணும்.

1 ஜிபி மெஷின்னா ஸ்வாப் (ரேம் பத்தாதப்ப டிஸ்க்ல கொஞ்சத்தை ரேம் மாதிரி யூஸ் பண்றது) கட்டாயம். ஈசி2 உபுண்டுல ஸ்வாப் இருக்காது, என்பிஎம் பில்டோ கம்போஸரோ ஓட்டும்போது ரேம் தீர்ந்து கெர்னல் ஏதாவது ஒரு புராசஸை அடிச்சுப் போட்டுடும், பெரும்பாலும் அது உங்க மைஎஸ்க்யூஎல்லாத்தான் இருக்கும், ஏன்னா அதுதான் அதிக ரேம் வெச்சிருக்கும். சைட்ல டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர் வந்தா டிமெசேஜ் கமாண்ட்ல அவுட் ஆஃப் மெமரின்னு இருக்கான்னு பாருங்க. 2 ஜிபிக்கு ஒரு ஃபைல் உருவாக்கி, 600 பெர்மிஷன் கொடுத்து, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் பண்ணி, எஃப்ஸ்டேப் ஃபைல்ல ஒரு வரி சேர்த்துடுங்க, இல்லைன்னா அடுத்த ரீபூட்ல போயிடும். எஃப்ஸ்டேப்ல எழுத்துப்பிழை இருந்தா மெஷின் எழாமலே போகலாம், அதனால சேவ் பண்ணதும் ரீபூட் பண்றதுக்கு முன்னாடி மவுண்ட் கமாண்டை ஏ ஆப்ஷனோட ஓட்டியும், ஸ்வாப் வரிக்கு ஸ்வாப்ஆனை ஏ ஆப்ஷனோட ஓட்டியும் சரியா இருக்கான்னு பாருங்க.

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலும் போடணுமான்னா, செக்யூரிட்டி குரூப் ஒழுங்கா இருந்தா அவசியமில்ல. போடுறதா இருந்தா 22-ஐ அலவ் பண்ணிட்டு அப்புறம் எனேபிள் பண்ணுங்க, வரிசை மாறினா நீங்களே வெளிய நிப்பீங்க.

டைம்ஸோன் யூடிசியா இருக்கும், அப்படியே விடலாம்ங்கிறது என் கருத்து, லாக் எல்லாம் ஒரே கணக்குல இருக்கும். கிரான் (குறிச்ச நேரத்துல தானா வேலை ஓட்டுறது) போடும்போது மட்டும் ஐந்தரை மணி நேரம் கழிங்க: நம்ம ஊர் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் ஓடணும்னா கிரான்ல 20:30.

சைட் போடுறவங்க எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர் போட்டு, டொமைனோட ஏ ரெக்கார்டை ஐபிக்குக் காட்டி, செர்ட்பாட் வழியா லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கோங்க, 90 நாள் செல்லும், தானாவே புதுப்பிச்சுக்கும். ஆனா ஏ ரெக்கார்டு போடுறதுக்கு முன்னாடி எலாஸ்டிக் ஐபி (மாறாத ஐபி) ஒண்ணு வாங்கி மெஷின்ல மாட்டுங்க. தானா கிடைச்ச ஐபி ரீபூட்டுக்குத் தாங்கும், ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா மாறிடும், அதுக்கப்புறம் டொமைன் யாரோ ஒருத்தரோட மெஷினைக் காட்டிக்கிட்டு நிக்கும்.

மெயில் அனுப்பணும்னா ஒரு தகவல்: ஈசி2-லேர்ந்து வெளிய 25-ஆம் போர்ட் டீஃபால்ட்டாவே மூடியிருக்கும். ஸ்பேம் தடுக்கத்தான். ஏதாவது ஒரு மெயில் சர்வீஸ் மூலமா 587 வழியா அனுப்புங்க, சொந்த மெயில் சர்வர் வைக்கிற ஆசையை விட்டுடுங்க.

கண்காணிப்பும் பேக்கப்பும்

அமேசானோட கண்காணிப்பு சர்வீஸான கிளவுட்வாட்ச் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சிபியு, நெட்வொர்க் கணக்கை இலவசமா காட்டும். ஆனா ரேம் எவ்ளோ ஓடுது, டிஸ்க் எவ்ளோ ரொம்பியிருக்குன்னு காட்டாது, ஏன்னா அமேசானால வெளிய இருந்து ஓஎஸ்க்குள்ள பார்க்க முடியாது. அதுக்கு உள்ள ஒரு ஏஜென்ட் போடணும். போடுங்க, ஏன்னா சின்ன மெஷின் விழறது சிபியுவால அபூர்வம், டிஸ்க் ரொம்பியோ ரேம் தீர்ந்தோதான் விழும். டிஸ்க் 80% தாண்டினா மெயில், இந்த ஒரு அலாரம் போதும் ஆரம்பத்துக்கு.

டிஸ்க் 100% ஆச்சுன்னா எல்லாமே விசித்திரமா நடக்கும். லாகின் ஆகும், ஆனா டேப் அமுக்கினா எரர் வரும், மைஎஸ்க்யூஎல் எழாது, செர்ட்பாட் புதுப்பிக்காது. டிஎஃப் கமாண்டை ஹெச் ஆப்ஷனோட ஓட்டினா எந்த டிஸ்க்குன்னு தெரியும், டியூ கமாண்டால வார் ஃபோல்டருக்குள்ள எது பெருசுன்னு இறங்கி இறங்கிப் பாருங்க. ஜர்னல் லாக், டாக்கரோட பழைய இமேஜ், சுழற்சி இல்லாத ஆப் லாக், இதுல ஒண்ணா இருக்கும். பெரிய லாக் ஃபைலை அழிச்சும் இடம் வரலைன்னா அந்த ஃபைலை இன்னும் ஏதோ புராசஸ் பிடிச்சுக்கிட்டு இருக்கு, அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணா வந்துடும். நிஜமாவே இடம் போதலைன்னா கன்சோல்ல வால்யூமை மாடிஃபை பண்ணி பெருசாக்குங்க, மெஷினை நிறுத்தவே வேண்டாம், அப்புறம் உள்ள போய் குரோபார்ட், ரீசைஸ்2எஃப்எஸ் ரெண்டையும் ஓட்டுங்க. கன்சோல்ல பெருசாக்கிட்டு உள்ள ஓட்டாம விட்டா ஓஎஸ்க்கு அந்தப் புது இடம் தெரியாது.

பேக்கப்புக்கு ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கோட அந்த நேரத்து நகல். முதல் தடவை முழு டேட்டாவும், அப்புறம் மாறின பகுதி மட்டும் சேமிக்கும், அதனால காசு அதிகம் ஆகாது. டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜர்ல தினமும் ஒண்ணு, கடைசி ஏழு மட்டும் வைன்னு ஒரு பாலிசி போட்டா தானா நடக்கும். ஆனா டேட்டாபேஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்ங்கிறது, கரண்ட் போன நொடியில டிஸ்க் எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் தானா சரி பண்ணிக்கும், ஆனா நான் அதை மட்டும் நம்ப மாட்டேன், தினமும் ஒரு டம்ப் (டேட்டாபேஸை அப்படியே ஒரு ஃபைலா எடுக்கிறது) எடுத்து எஸ்3-க்கு அனுப்பிடுங்க. அப்புறம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு புது மெஷின் எழுப்பிப் பாருங்க. முதல் தடவை டிஸ்க்கோட ஒவ்வொரு பகுதியும் எஸ்3-ல இருந்து இறங்கி வர்றதால மெதுவா இருக்கும், பயப்படாதீங்க. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை பேக்கப்னு நான் கணக்குலயே எடுத்துக்கிறதில்ல.

பெருசாக்குறது, கீ தொலைஞ்சா மீட்கிறது

மூணும் தனித்தனின்னு சொன்னேன்ல, அதோட பலன் இங்கதான் தெரியும். மெஷின் பத்தலையா, ஸ்டாப் பண்ணுங்க, இன்ஸ்டன்ஸ் டைப்பை மாத்துங்க, ஸ்டார்ட் பண்ணுங்க. டிஸ்க் அப்படியே இருக்கும், எலாஸ்டிக் ஐபி அப்படியே இருக்கும், சிபியுவும் ரேமும் மட்டும் புதுசு. மொத்தமே சில நிமிஷம்தான். அதே மாதிரி சிஸ்டம் ஸ்டேட்டஸ் செக் சிவப்பா வந்தா அது அமேசானோட ஹார்டுவேர் கோளாறு, ரீபூட் பண்ணா அதே ஹார்டுவேர்லதான் எழும், ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா வேற ஹார்டுவேருக்குப் போயிடும்.

கீ தொலைஞ்சு, செஷன் மேனேஜரும் இல்லைன்னா: மெஷினை ஸ்டாப் பண்ணுங்க, டெர்மினேட் இல்ல, ஸ்டாப். அதோட ரூட் வால்யூமைக் கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி அது எந்த டிவைஸ் பேர்ல மாட்டியிருந்துச்சுன்னு குறிச்சுக்கோங்க. அதே அவெய்லபிலிட்டி ஸோன்ல, இது முக்கியம், வேற ஸோன்னா மாட்டாது, ஒரு சின்ன மெஷின் புது கீயோட போட்டு, அதுல இந்த டிஸ்க்கை ரெண்டாவது டிஸ்க்கா மாட்டி மவுண்ட் பண்ணுங்க. அந்த டிஸ்க்ல உபுண்டு யூசரோட எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர்ல ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் இருக்கும், அதுல புது பப்ளிக் கீயை ஒரு வரியா சேருங்க. அன்மவுண்ட் பண்ணி, கழட்டி, பழைய மெஷின்ல குறிச்சு வெச்ச அதே பேர்ல மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. எஃப்ஸ்டேப் கெட்டுப்போனாலும், ஃபயர்வால் வெளிய தள்ளினாலும் இதே வழிதான்.

பில்லும் கடைசி கணக்கும்

லினக்ஸ் மெஷினுக்கு 2017 அக்டோபர்லேர்ந்து விநாடிக் கணக்கு, குறைந்தபட்சம் 60 விநாடி. ஸ்டாப் பண்ணா சிபியு-ரேம் காசு மட்டும் நிக்கும், டிஸ்க் காசு ஓடும், பூட்டிட்டு ஊருக்குப் போனாலும் வீட்டு வாடகை ஓடுற மாதிரி. எலாஸ்டிக் ஐபி வெச்சிருந்தா அதுக்கும் காசு ஓடும்: 2024 பிப்ரவரி 1-லேர்ந்து எல்லா பப்ளிக் ஐபிவி4 அட்ரஸுக்கும், யூஸ்ல இருந்தாலும் இல்லாட்டியும், மணிக்கு 0.005 டாலர், மாசத்துக்கு சுமார் 3.65 டாலர். எலாஸ்டிக் ஐபி மெஷின்ல மாட்டியிருந்தா ஃப்ரீன்னு சொல்றதெல்லாம் அதுக்கு முந்தின கதை.

டெவலப்மென்ட் மெஷினை ராத்திரியும் சனி ஞாயிறும் ஓட விடாதீங்க. நாளைக்கு 10 மணி நேரம், வாரம் அஞ்சு நாள்னா 168 மணி நேரத்துல 50 மணி நேரம்தான், மெஷின் காசுல 70% மிச்சம். ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர்ல நேரம் குறிச்சா தானா நிறுத்தி தானா எழுப்பும். வருஷம் முழுக்க ஓடியே ஆகணும்ங்கிற மெஷினுக்கு சேவிங்ஸ் பிளான் (இவ்ளோ யூஸ் பண்றேன்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டு குறைஞ்ச விலைக்கு வாங்குறது), ஒரு வருஷம் அல்லது மூணு வருஷம், ஆனா ரெண்டு மூணு மாசம் ஓட்டிப் பார்த்து சைஸ் இதுதான்னு உறுதியான அப்புறம் வாங்குங்க. ஸ்பாட் மெஷின், அதாவது அமேசான் கிட்ட சும்மா கிடக்கிற மெஷின், 90% வரைக்கும் விலை குறையும், ரெண்டு நிமிஷ நோட்டீஸ்ல பிடுங்கிடுவாங்க, பாதியில நின்னா திரும்ப ஓட்டிக்கலாம்ங்கிற வேலைக்கு மட்டும்.

மெஷின் இனி வேண்டாம்னு முடிவு பண்ணா, கடைசியா ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு, டெர்மினேஷன் புரொடக்ஷனை எடுத்துட்டு டெர்மினேட் பண்ணுங்க. ரூட் டிஸ்க் டீஃபால்ட்டா கூடவே அழியும், நீங்க தனியா மாட்டின டிஸ்க் அழியாது. வால்யூம்ஸ் பக்கத்துல அவெய்லபிள்னு நிக்கிறது எல்லாம் எந்த மெஷின்லயும் இல்லாம காசு சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற டிஸ்க், பார்த்து அழிங்க. எலாஸ்டிக் ஐபியை டிஸ்அசோசியேட் பண்ணா பத்தாது, ரிலீஸ் பண்ணணும். ஏஎம்ஐ உருவாக்கியிருந்தா அதை டீரெஜிஸ்டர் பண்ணிட்டு அதுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்னாப்ஷாட்டும் போச்சான்னு பாருங்க. கடைசியா ஈசி2 குளோபல் வியூ திறந்தா எல்லா ரீஜியன்லயும் என்ன இருக்குன்னு ஒரே பக்கத்துல காட்டும், பழக ஆரம்பிச்சப்ப வர்ஜீனியாவுல போட்டுட்டு விட்ட மெஷின் ஏதாவது இருந்தா அதுல தெரிஞ்சுடும். ரெண்டு நாள் கழிச்சு பில்லிங் பக்கத்துல ஈசி2-வும் ஈசி2 அதர்ங்கிற வரியும் இன்னும் ஏறுதான்னு பாருங்க, டிஸ்க்கும் ஸ்னாப்ஷாட்டும் அந்த ரெண்டாவது வரியிலதான் வரும். ஐபி காசு மட்டும் விபிசிங்கிற வரியில வரும், அதையும் பார்த்துடுங்க.